பின்னால எல்லாரும் தள்ளிட்டாங்க

பூமி சூடாகிறது, கரியமில வாயுவைக் குறைக்க வேண்டும் என்று உலக நாடுகளெல்லாம் ஒரு மண்டபத்தில் கூடிப் பேசுவதைத் தொலைக்காட்சியில் காட்டினால், எங்கள் வீட்டில் எல்லாரும் எழுந்து போய்விடுவார்கள். நான் மட்டும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வேன். அறிவியல் ஆர்வம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பள்ளிக்கூடத்தில் அந்தப் பாடம் நடந்த நேரத்தில் பெரும்பாலும் வகுப்புக்கு வெளியே முட்டி போட்டிருந்தவன் நான். என் காத்திருப்பெல்லாம் ஒரே ஒரு வசனத்துக்காக. கோட்டுப் போட்ட ஒருவர் எழுந்து, "அவர்கள் முதலில் நிறுத்தட்டும், பிறகு நாங்கள் பார்க்கிறோம்" என்பார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிடும். அது என் வசனம். மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த வருஷம், மலாக்கா ஊரின் காஜா பேராங்கில், கோட்டு இல்லாமல், இடுப்பில் ஒரு கைலியோடு நான் பேசியது.

என்னை அப்படிப் பேச வைத்தவர் ஒரு பஸ் கண்டக்டர்.

அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்கத்தான் வேண்டும். எங்கள் சந்தில் யாரும் அதைப் பயன்படுத்தி நான் கேட்டதில்லை. அவர் மனைவியே, "கண்டக்டர் இன்னும் வரலையே" என்றுதான் வாசலில் நின்று கேட்பார். தம்பின் என்கிற ஊருக்குப் போகிற பஸ்ஸில் வேலை. ஆள் அவ்வளவு ஒல்லி. காக்கிச் சட்டையை அவர் போட்டிருக்கிறாரா, ஆணியில் மாட்டியிருக்கிறதா என்று ஒரு கணம் சந்தேகம் வரும். கழுத்தில் தோல் பை, கையில் டிக்கெட்டுக் கட்டை, காதில் சொருகிய பென்சில். குரல் மட்டும் ஆளுக்குச் சம்பந்தமில்லாமல் கனமாக இருக்கும்.

அந்தக் காலத்து பஸ்ஸில் ஏறியவர்களுக்குத் தெரியும். வாசலருகே ஒரு மந்தை நிற்கும். உள்ளே பாதி இடம் காலியாக இருந்தாலும் யாரும் நகரமாட்டார்கள். கோழிக்கூடை வைத்திருப்பவர் கூடையைக் காட்டுவார், பிள்ளை வைத்திருப்பவள் பிள்ளையைக் காட்டுவாள், ஒன்றும் இல்லாதவன் ஜன்னலுக்கு வெளியே ஏதோ அதிசயத்தைப் பார்ப்பான். மற்ற கண்டக்டர்கள் கத்துவார்கள், முதுகில் கை வைத்துத் தள்ளுவார்கள். இவர் அதைச் செய்ததே இல்லை. முதலில் தானே கூட்டத்துக்குள் நுழைந்து, மன்னிப்பு மன்னிப்பு என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டே, கடைசிக் கண்ணாடிவரை போய் அதில் பல்லிபோல ஒட்டிக்கொள்வார். பிறகு அங்கிருந்து குரல் வரும். "பின்னால எல்லாரும் தள்ளிட்டாங்க. முன்னால இருக்கிறவங்கதான் பாக்கி." இதைத் தமிழில் சொல்வார், மலாயில் சொல்வார், அவருக்கே புரியாத ஒரு சீனத்தில் சொல்வார். முன்னால் நிற்பவர்களுக்கு ரோஷம் வந்துவிடும். அவர்கள் ஒரு அடி வைத்ததும், பின்னால் நிற்பவர்களிடம் திரும்பி ரகசியம்போலச் சொல்வார்: "பாருங்க, முன்னால தள்ளிட்டாங்க."

இரண்டுமே பொய். ஆனால் வாசலில் தொங்கிக்கொண்டிருந்தவனுக்கு நிற்க இடம் கிடைத்துவிடும்.

வெளியிலும் அவர் இப்படித்தான். எங்கள் சந்து முனைச் சாப்பாட்டுக்கடையில் ஒரு நாள் இரண்டு பேர், சைக்கிளில் யார் யாரை இடித்தார்கள் என்று சட்டையைப் பிடிக்கும் அளவுக்குப் போய்விட்டார்கள். மன்னிப்புக் கேட்டால் போதும் என்று சுற்றி நின்றவர்கள் சொன்னார்கள். அவன் முதலில் கேட்கட்டும் என்றான் இவன். இவன் கேட்கட்டும் என்றான் அவன். ரொட்டி தின்றுகொண்டிருந்த கண்டக்டர் எழுந்து வந்தார். கையைத் துடைத்துக்கொண்டு இரண்டு பேர் முன்னாலும் நின்று, "எம்மேலதாங்க தப்பு, மன்னிச்சிருங்க" என்றார். அவருக்கும் அந்தச் சைக்கிளுக்கும் என்ன தொடர்பு என்று இருவருக்கும் விளங்கவில்லை. விளங்காத ஆளிடம் எப்படிக் கோபப்படுவது? பரவாயில்லை, பரவாயில்லை என்று அவரை இரண்டு பேரும் சேர்ந்து சமாதானப்படுத்திவிட்டு, ஒரே பக்கமாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். இவர் மறுபடி உட்கார்ந்து ரொட்டியைத் தின்றார்.

அவர் மனைவியை நான் அண்ணி என்பேன். அவருக்கு இழுப்பு. நல்ல நாளிலேயே அண்ணியின் பேச்சு ஊர் பஸ்ஸைப் போலத்தான். ஒரு வாக்கியத்துக்குள் நாலு இடத்தில் நின்று மூச்சு ஏற்றிக்கொண்டுதான் புறப்படும். "தம்பி... கோப்பித்தூள்... ஒரு பொட்டலம்... நாளைக்கு." அந்த வருஷம் அது மோசமாகிவிட்டது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினார். ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டர், புகை இல்லாத இடத்துக்குக் கொண்டுபோய் வையுங்கள், இல்லாவிட்டால் நான் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டாராம். புகையில்லாத செமாபோக்கில் அண்ணியின் அண்ணன் வீடு இருந்தது. ஏழெட்டுப் பிள்ளைகள் படுத்துப் புரளும் அந்த வீட்டில் அண்ணிக்கு ஒரு பாய் விரிக்க இடமிருந்தது. கண்டக்டருக்கு இல்லை. விடியற்காலை முதல் பஸ்ஸில் போய்க் கடைசி பஸ்ஸில் வருகிற மனிதர், மனைவியை வாரத்துக்கு ஒரு தடவை விருந்தாளிபோலப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். நாற்பது நெருங்கும்போது கல்யாணம் செய்துகொண்டவர்கள். பிள்ளை இல்லை. இருவருக்கும் இருவர்தான்.

எங்கள் சந்திலோ புகைக்குப் பஞ்சமே இல்லை. கண்டக்டர் வீட்டைச் சுற்றி நான்கு வீடுகள். நான்கு வீட்டிலும் நான்கு விதம். எதிர்வீட்டு மலாய் அம்மாளை எல்லாரும் மக்சிக் என்போம், அத்தை மாதிரி. சாயங்காலம் ஆனால் சருகைக் கூட்டி மாமரத்தடியில் மூட்டம் போடுவார். புகை பட்டால்தான் மரம் பூக்குமாம். அடுத்த வீட்டில் பாபா. சீன வம்சம், வீட்டில் மலாய்ப் பேச்சு. செத்துப்போன முன்னோர்களுக்குத் தாள் எரிப்பார். செத்தவர்கள் திரும்பி வருவதாகச் சீனர்கள் சொல்லும் பேய் மாதம் பிறந்துவிட்டால் அவர் வீட்டுத் தகர டின் ஆறவே ஆறாது. இந்தப் பக்கம் செட்டி மாமா. பல தலைமுறைக்கு முன்னால் வந்துவிட்ட மலாக்கா செட்டிக் குடும்பம். கும்பிடுவது நம் சாமி, பேசுவது மலாய். கொசுவுக்குத் தேங்காய் மட்டையைக் கொளுத்திவிட்டு அதன் பக்கத்தில் அவரே கண்ணீர் வழிய உட்கார்ந்திருப்பார்.

இவர்களெல்லாம் சிற்றரசர்கள். வல்லரசு நான்தான். அப்பா விட்டுப்போன கோப்பித்தூள் கடை. பின்கட்டில் இரும்பு உருளை, கித்தா மரத்து, அதாவது ரப்பர் மரத்து விறகு. கொட்டையோடு சீனியையும் வெண்ணெயையும் போட்டு வறுக்கும்போது எழும் புகை இருக்கிறதே, கறுப்பு நிறம், இனிப்பு வாசம், சந்தின் இந்த முனையில் புறப்பட்டால் அந்த முனையில் காயும் வேட்டிவரை விசாரித்துவிட்டுத்தான் போகும். எனக்கு அதில் பெருமை வேறு. என் சரக்கு வருகிறது என்று ஊருக்குத் தெரிய வேண்டாமா?

கண்டக்டர் முதலில் என்னிடம்தான் வந்தார்.

"தம்பி, அண்ணி உக்காந்தே தூங்குது. கொஞ்சம் புகையக் கொறச்சுக்க முடியுமாய்யா?"

அப்போதுதான் அந்த உலகப் புகழ்பெற்ற வசனம் பிறந்தது. "நான் ஒருத்தன் நிறுத்தி என்னாண்ணே ஆவப்போவுது? மக்சிக் கொளுத்துது, பாபா கொளுத்துறாரு. அவங்க மொதல்ல நிறுத்தட்டும்லா, அப்பறம் நான் பாக்கறேன்." அதோடு விட்டேனா? எனக்கு வாய் நீளம். "ஏண்ணே, நீங்க மட்டும் என்னவாம்? விளக்குக் கம்பத்துக்கிட்ட நின்னு சுருட்டு இழுக்கறீங்க. உங்க பஸ்ஸு விடற புகைக்கு யாரு பதில் சொல்றது?"

சுருட்டு அவருக்கு உயிர். அண்ணிக்கு ஆகாது என்பதால் மழையானாலும் தெருமுனைக்குப் போய்த்தான் குடிப்பார். சட்டைப்பையிலிருந்து அதை எடுத்தார். பாதி குடித்து அணைத்து வைத்தது.

"பஸ்ஸு என்னுது இல்ல தம்பி," என்றார். "இது என்னுதுதான்."

என் மேசைமேல் அதை வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவர் வாயில் சுருட்டை யாரும் பார்க்கவில்லை. எனக்கு அதைத் தூக்கிப்போடவும் மனசில்லை, வைத்துக்கொள்ளவும் தெரியவில்லை. பக்கத்திலிருந்த தூள் டின்னில் போட்டு மூடினேன். அந்த டின்னிலிருந்து தூள் வாங்கிக்கொண்டு போன ஒரு ஆபீசுக் கிராணி, மறுவாரம் வந்து அதே தூள்தான் வேண்டும் என்று நின்றது தனிக்கதை.

மற்ற மூன்று வீட்டிலும் அவருக்கு என்ன பதில் கிடைத்தது என்று பிறகு தெரிந்தது. சருகுப் புகை ஆண்டவன் கொடுத்த புகை, அதனால் யாருக்கும் கெடுதல் வராது என்றாராம் மக்சிக். தான் எரிப்பது புகையே இல்லை, மேலுலகத்துக்குப் போகிற தபால் என்றாராம் பாபா. கொசுவிடம் பேசிவிட்டு வா, பிறகு என்னிடம் பேசலாம் என்றாராம் செட்டி மாமா. மூவரும் ஒற்றுமையாகச் சொன்ன ஒரே விஷயம்: அந்தக் கோப்பிக்காரன் முதலில் நிறுத்தட்டும்.

ஒரு வாரம் கண்டக்டர் வாயைத் திறக்கவில்லை. பிறகு ஒரு மத்தியானம், இரண்டு பஸ்ஸுக்கு நடுவில் கிடைத்த இடைவெளியில், தோல் பையைக்கூடக் கழற்றாமல் என் கடைக்கு வந்தார். குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"நாளையிலருந்து மக்சிக் நிறுத்தறாங்க. பாபாவும் சரின்னுட்டாரு. செட்டி மாமாவும்தான். நீ ஒருத்தன்தான் தம்பி பாக்கி."

எனக்கு அவமானமாகிவிட்டது. மலாய்க்காரர், சீனர், செட்டி எல்லாரும் ஒத்துக்கொண்டு, சொந்தத் தமிழன் ஒருவன் மறுத்தான் என்ற பேர் எனக்கு எதற்கு? "நாளைக்கு நானும் மூட்டலண்ணே" என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் சாயங்காலம் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. எங்காவது ஒரு வீட்டில் ஒரு கீற்றுப் புகை எழுந்தால் போதும், ஒப்பந்தம் முறிந்தது என்று அறிவித்து உருளையை ஏற்றிவிடலாம். வேலியோரமாகப் போய் எட்டிப் பார்த்தேன். அந்தப் பக்கம் மக்சிக் வேலியில் முகம் வைத்து என் பின்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாபா ஒரு நாற்காலிமேல் ஏறி நின்று மக்சிக்கின் மாமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். செட்டி மாமா கைகளால் கன்னத்தில் கொசு அடித்தபடி பாபாவின் தகர டின்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான்கு பேரும் ஒரே நேரத்தில் வானத்தைப் பார்த்தோம். மழை வருமா என்று மக்சிக் மலாயில் கேட்டார். வரலாம் என்றேன். ஒரு மேகம்கூட இல்லை.

அப்படியே அது நிலைத்துவிட்டது. சும்மா நிலைக்கவில்லை. கோப்பியை வறுக்காமல் என் வயிறு நிறையுமா? கருக்கலில் காற்று கரையிலிருந்து கடல் பக்கம் வீசும்; அப்போது வறுத்தால் புகை எங்கள் வீடுகள் மேல் திரும்பாது. ஆனால் சேவலுக்கு முன்னால் எழுந்திருக்கிற ஜாதி நான் இல்லை. முதல் பஸ்ஸுக்குப் போகும் கண்டக்டர், வழியில் என் கதவைத் தட்டித் தட்டி எழுப்பிவிட்டுப் போவார். ஒருநாள்கூட அந்த மனிதர் மறந்ததில்லை என்பதை வயிற்றெரிச்சலோடு பதிவு செய்கிறேன். செட்டி மாமாவுக்குக் கண்டக்டர் தன் வீட்டுக் கொசுவலையை அவிழ்த்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். மக்சிக் சருகை எரிக்காமல் குழி வெட்டிப் போட்டார், வெட்டியது கண்டக்டர். அடுத்த பருவத்தில் அந்த மாமரம் சரியாகப் பூக்கவில்லை. தான் சொன்னது சரிதான் என்று மக்சிக் கடைசிவரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். அதை மறுக்க எங்களில் யாரிடமும் மாங்காய் இல்லை. பாபா மட்டும் வருஷத்துக்கு ஒரு சாயங்காலம் எல்லாத் தாளையும் சேர்த்து எரித்துக்கொள்வதென்றும், அன்று அண்ணி செமாபோக் போய்வருவதென்றும் முடிவானது. முன்னோர்களுக்கு மொத்தமாகப் போய்ச் சேர்ந்ததில் அவர்களுக்கு மனத்தாங்கல் ஏதும் இருந்ததாகத் தெரியவில்லை.

சுதந்திரம் நெருங்கியது. பாதிச் சந்தும் பண்டார் ஹிலிர் திடலுக்குப் போய்க் கொண்டாட்டம் பார்க்கத் துடித்தது. அதற்கு முன்னால் சந்தைச் சுத்தம் செய்து தோரணம் கட்டுவதென்று முடிவு. நான்கு வீட்டாரும் வேலியைத் தாண்டி ஒன்றாக நின்று வேலை பார்த்தது அதுதான் முதல்முறை. அதுவரை நாங்கள் பார்த்தால் சிரிப்போம், தலையாட்டுவோம், அவ்வளவுதான். செய்தி ஏதும் இருந்தால் கண்டக்டர் கொண்டுபோவார். கண்டக்டர் கணக்கில் எடுத்துக்கொள்ளாத இடம் இதுதான். பஸ்ஸில் முன்னால் நிற்பவனும் பின்னால் நிற்பவனும் இறங்கிய பிறகு சந்தித்துப் பேசிக்கொள்வதில்லை. சந்தில் பேசிக்கொள்வார்கள்.

பின்மத்தியானத்துக்குள் ஆள் உயரத்துக்குச் சருகும் குப்பையும் குவிந்துவிட்டன. பழக்க தோஷத்தில் செட்டி மாமா மடியிலிருந்து தீப்பெட்டியை எடுத்தார். மக்சிக் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, இந்த நல்ல காரியத்தை முதலில் ஆரம்பித்ததற்குப் பாபாவுக்கு நன்றி சொன்னார். பாபா விழித்தார். நானா, நீ நிறுத்தியதால்தானே நான் நிறுத்தினேன் என்றார். மக்சிக் செட்டி மாமாவைக் காட்டினார். செட்டி மாமா என்னைக் காட்டினார். நான் மூன்று பேரையும் காட்டினேன். கொஞ்ச நேரம் விரல்கள் மட்டும் பேசின. கடைசியில் எல்லா விரலும் முக்காலிமேல் நின்று தோரணம் கட்டிக்கொண்டிருந்த கண்டக்டரிடம் போய் நின்றன.

குட்டையைக் கலக்குவதென்றால் எனக்கு அல்வா. "அண்ணே, உண்மையச் சொல்லுங்க. யாருதான் மொதல்ல ஒத்துக்கிட்டது?" என்றேன்.

அவர் இறங்கி வந்தார். ஒரு அடி பின்னால் வைத்தார். பின்னால் சுவர். பஸ்ஸின் கடைசிக் கண்ணாடிவரை போய்விட்ட மனிதனுக்கு அதற்கு மேல் நகர இடமில்லை.

"யாரும் இல்ல தம்பி," என்றார். "நான்தான் அப்படிச் சொன்னேன்."

மலாயிலும் ஒரு தடவை சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. செட்டி மாமாவின் முகம் சிவந்துவிட்டது. அப்படியானால் பேச்சும் இல்லை, ஒப்பந்தமும் இல்லை என்று தீக்குச்சியை உரசினார். காற்றில் அணைந்தது. இன்னொன்றை எடுத்தார். கண்டக்டர் அவரைத் தடுக்கவில்லை. தன் வீட்டு வாசலைப் பார்த்தார்; அண்ணியின் துணிகளை எந்தப் பெட்டியில் கட்டுவது என்று யோசிப்பவர் மாதிரி இருந்தது அந்தப் பார்வை.

அப்போதுதான் அண்ணி வெளியே வந்தார். கையில் துடைப்பம். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். கண்டக்டர் முன்னால் வந்து நின்று பிடிபிடி என்று பிடித்துக்கொண்டார்.

"ஏங்க, வெக்கமா இல்ல உங்களுக்கு, பஸ்ஸுல சொல்ற பொய்ய வீட்டு வாசல் வரைக்கும் கொண்டாந்து அக்கம்பக்கத்துல அத்தன பேருகிட்டயும் சொல்லி வச்சிருக்கீங்களே, இனி எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நான் மக்சிக் வீட்டுக்கு உப்பு கேக்கப் போவேன், பாபா மொகத்துல எப்படி முழிப்பேன், இருந்த கொசுவலையையும் தூக்கிக் குடுத்துட்டு நாம ரெண்டு பேரும் கடி வாங்கறது பத்தாதா, இனிமே இப்படி ஒரு வார்த்த உங்க வாயிலருந்து வந்துச்சின்னா நான் செமாபோக்குக்கே போயிருவேன், சொல்லிட்டேன்."

எங்கும் நிற்கவில்லை. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. புறப்பட்ட இடத்திலிருந்து போய்ச்சேரும் இடம்வரை ஒரே ஓட்டம்.

எனக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. நான் வார்த்தைகளைக் கேட்டுக்கொண்டிருந்தேன். மக்சிக்குக்கும் பாபாவுக்கும் செட்டி மாமாவுக்கும் தமிழ் தெரியாது. அதனால் அவர்களுக்கு உடனே புரிந்துவிட்டது. அவர்கள் கேட்டது மூச்சை மட்டும். மக்சிக் தலைத்துணியை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டார். செட்டி மாமா கையிலிருந்த குச்சியைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார், தீப்பெட்டியை மறுபடி மடியில் செருகிக்கொண்டார். கண்டக்டரோ திட்டு வாங்குகிற முகமே இல்லை. சம்பளம் கூடியவன் மாதிரி பல்லெல்லாம் தெரிய நின்றார். கண்ணில் தண்ணீர். "இன்னும் கொஞ்சம் திட்டேன்" என்றார். அண்ணி துடைப்பத்தை ஓங்கினார்.

அந்தக் குவியலை நாங்கள் கொளுத்தவில்லை. கூடை கூடையாக அள்ளி மக்சிக்கின் குழியில் கொட்டினோம். மறுநாள் திடலில் நடந்ததையெல்லாம் புத்தகங்களில் எழுதிவிட்டார்கள். குழியில் கொட்டியதை யாரும் எழுதவில்லை. அதனால் முதல் கூடையை எடுத்தது யார் என்பதில் சந்தில் ஒரு தகராறு கிளம்பி, பல வருஷம் ஓடியது. ஒரு காலத்தில் யாரும் முதல் ஆளாக இருக்க மாட்டேன் என்று நின்ற நான்கு வீடு, இப்போது ஆளுக்கு ஆள் நான்தான் முதல் என்று நின்றது. பாபா தன் பேரப்பிள்ளைகளிடம் அதைச் சொல்லி, நான் கேட்டிருக்கிறேன். மக்சிக் வேறு மாதிரி சொன்னார். செட்டி மாமா தான் ஒருவர்தான் அள்ளியதாகவே சொன்னார்.

இன்று மண்டபத்தில் கூடுகிறவர்களுக்கு என் அனுதாபம் உண்டு. எங்களுடையது கண்ணுக்குத் தெரிந்த புகை, வேலிக்கு அந்தப் பக்கம் தெரிந்த முகம். அதற்கே இத்தனை பாடு. அவர்கள் குறைக்கப் பார்ப்பது கண்ணுக்கே தெரியாதது. கடைசிக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நிற்க அங்கே ஒரு ஒல்லி ஆள் இருக்கிறாரா என்றுதான் நாற்காலியை இழுத்துப் போட்டுத் தேடுகிறேன். காமிராக்காரன் முன்வரிசையையே காட்டித் தொலைக்கிறான்.

முதல் கூடை விஷயத்தை ஒருமுறை கண்டக்டரிடமே தனியாகக் கேட்டுவிட்டேன். கருக்கல் நேரம், கதவைத் தட்டி எழுப்ப வந்தவரை நிறுத்தி வைத்துக் கேட்டேன். சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"நீதான் தம்பி. நான் என் கண்ணால பாத்தேன். வெளிய சொல்லிராத."

பல வருஷம் அந்தச் சாட்சியத்தை வெளியே சொல்லாமல் வைத்திருந்தேன். பிறகு ஒருநாள் பாபாவோடு பேசிக்கொண்டிருந்தபோது தெரிந்தது, அவரிடமும் இதையேதான் சொல்லியிருக்கிறார், மலாயில்.